வண்டி பின்னால, மாமா முன்னால

டிங்... டிடிங்... டிங் டிங்...

சந்து முனையில இந்தச் சத்தம் கேட்டதும் ஐஸ் வண்டி வருதுன்னுதான சார் நெனச்சீங்க? வெக்கப்படாதீங்க. புதுசாக் கேக்குற யாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. எதிர்வீட்டுப் பாப்பா கையில கிண்ணத்தோட துள்ளிக்கிட்டு ஓடி வந்துச்சே, பாத்தீங்கல்ல? நான் பின்பக்கமா உள்ள வர்றேன். முதல்ல சத்தம் வருது, அப்புறம் வண்டியோட முதுகு வருது, முதுகுல 'அமரர் ஊர்தி'ன்னு எழுத்து வருது. பாப்பா எழுத்துக் கூட்டிப் படிக்குது. படிச்சு முடிச்சிட்டு என்கிட்டயே வந்து, "கப் ஐஸ் இருக்கா மாமா?"ங்குது.

நான் என்னத்தச் சொல்ல. "தீந்துருச்சு கண்ணு, நாளைக்கு வா"ன்னேன். சொன்ன பெறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இந்த வண்டிக்காரன் ஒருத்தரை நாளைக்கு வான்னு கூப்பிடலாமா?

வியாபாரிகள் சங்கத்துல இந்த வண்டியை வாங்குனதே ஒரு ஐஸ் கம்பெனிக்காரன்கிட்டதான். ரிவர்ஸ் கியர் போட்டாப் பாட்டு வந்துரும். வயரைப் பிடுங்கியும் பாத்தாச்சு, அதோட சேந்து பிரேக் லைட்டும் போயிடுது. எந்தப் புண்ணியவான் வயரிங் பண்ணுனானோ. ஒண்ணு பாட்டோட போகணும், இல்லாட்டி பின்னால வர்றவன்கிட்ட இடி வாங்கணும். செத்த வீட்டுல பாட்டா, இடியான்னு யோசிச்சுப் பாட்டுன்னு முடிவு பண்ணிட்டோம்.

அட, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? ஏறி உள்ள உக்காருங்க. இந்த ஓரத்து பெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. பயப்படாதீங்க, இன்னும் யாரும் வரலை. கீழ கெடக்குற பூவெல்லாம் காலையில போனவரோடது. அதைத்தான் கூட்டிக்கிட்டு இருந்தேன், நீங்க வந்து நின்னீங்க. இந்தா வெளக்குமாத்தைக் கீழ வச்சுட்டேன். பூ எங்க போகப் போகுது.

தவறிப்போன போஸ்ட்மாஸ்டரோட கூட வேலை பாத்தவரா? மதுரையிலேருந்தா? நல்லது. இப்ப எடுக்க மாட்டாங்க சார். அவரு பெரிய பொண்ணு ஓசூர்லேருந்து வரணுமாம். இப்பத்தான் மதுரை தாண்டியிருக்கு. இந்த வேலையில ஓட்டுறது கொஞ்சம், காத்துக் கெடக்குறதுதான் அதிகம். அதுலயும் நம்மகிட்ட யாரும் வந்து பேச மாட்டாங்க. வண்டி வந்தா யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நாமளும் போயிட்டு வர்றேன்னு சொல்லிக்கக் கூடாது. வீட்டுல பழகுன வாய் சார், எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்து முழுங்கியிருக்கேன் தெரியுமா? அதனால உங்களை மாதிரி ஒருத்தர் கெடைச்சா நான் பேசிருவேன். தப்பா எடுத்துக்காதீங்க.

போன் அடிச்சா மட்டும் பேச்சை நிறுத்திக்குவேன். அந்தா, முன்னால டேஷ்போர்டு மேல வச்சிருக்கேன் பாருங்க. வீட்டுக்காரி பேசுவா. அவ அண்ணன் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோட போயிருக்கா. எங்க மகளுக்கு வர்ற ஆவணியில கல்யாணம் சார். ஒரே பொண்ணு, மங்கை. மத்த பத்திரிகையெல்லாம் வச்சாச்சு. தாய்மாமனுக்கு வைக்கிறதுதான் நிக்குது. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வராம எந்தப் பொண்ணு எங்க பக்கத்துல மேடை ஏறியிருக்கு? மங்கை பிடிவாதமாச் சொல்லிட்டா, "மாமா வரலேன்னா நான் மணவறைக்கு வரமாட்டேம்ப்பா, நீங்களே போய் உக்காந்துக்கோங்க"ன்னு. மாப்பிள்ளை வீட்டுல வேற, "பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காருதான?"ன்னு ஒரு மாதிரியாக் கேட்டுட்டாங்க. இருக்காரு. எங்க வீட்டுலேருந்து கூப்பிடு தூரத்துலதான் இருக்காரு. ஆனா என் முகத்துல முழிக்க மாட்டாரு.

நான் ஏன் போகலைன்னு கேக்குறீங்களா? நான் வந்தாக் காரியம் கெட்டுரும்னு எங்க வீட்டுல சந்தானம் சொல்லிட்டா. சந்தானலட்சுமி. "நீங்க போயி வாயைத் தொறந்து பேசுனதெல்லாம் போதும்"ங்கிறா. நான் என்ன சார் பேசிட்டேன்? உள்ளதை உள்ளபடி பேசுனேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

என் மச்சான் பேரு கனகவேல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல 'கனகவேல் டிரைவிங் ஸ்கூல்'னு போர்டு பாத்திருப்பீங்க. இந்த ஊருல பாதிப் பேருக்கு எட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தவரு. நல்ல மனுசன். வெள்ளை வேட்டியில ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. தெருவுல நடந்தா நாலு பேரு "மாஸ்டர் வணக்கம்"பான். அவரு தங்கச்சியைத்தான் நான் கட்டியிருக்கேன். எனக்கும் அவருக்கும் ஒரு மனஸ்தாபமும் கெடையாது, மாமா சாகுற வரைக்கும்.

மாமான்னா என் மாமனார். வெயிலுமுத்து. மில்லுல வேலை பாத்து ஓய்வு வாங்குனவரு. தங்கமான மனுசன், ஒரே ஒரு குறைதான். சொன்ன நேரத்துக்கு வீடு திரும்ப மாட்டாரு. "இந்தா வந்துட்டேன் பேச்சி"ன்னு செருப்பை மாட்டுனார்னா, டீக்கடையில ஒரு பஞ்சாயத்து, சலூன்ல ஒரு பேப்பரு, கண்மாய்க்கரையில ஒரு காத்து, எல்லாம் முடிச்சுத்தான் வருவாரு. எங்க அத்தை பேச்சியம்மா சோத்தை மூடி வச்சே காலத்தைக் கழிச்சவங்க.

போன மாசியில மாமா தவறிட்டாரு. வயசுதான். வண்டி யாரு? நான்தான். வேற ஆளு அனுப்புறோம்னு சங்கத்துல சொன்னாங்க, நான் விடலை. மாமாவை நான்தான் கொண்டுபோவேன்னு நின்னேன்.

இப்ப ஒரு விசயம் சொல்லணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எங்க பக்கத்துல பொணம் பின்னால போகக் கூடாது. வாசலைத் தாண்டியாச்சுன்னா தாண்டியாச்சு. கால் முன்னால, தலை பின்னால, ஒரே போக்கு. திரும்பிப் பாக்கக் கூடாது, திரும்பி வரக் கூடாது. வந்தா அது வீட்டுக்கு ஆகாது. அதுக்குத்தான் நான் எந்தச் சந்தா இருந்தாலும் காலி வண்டியை ரிவர்ஸ்ல உள்ள கொண்டுபோவேன். ஏத்துன பெறகு நேரா முன்னால வெளிய வந்துரலாம் பாருங்க. இன்னைக்கும் அப்படித்தான வந்தேன்? ரெண்டு பக்கமும் கை நுழையிற இடம்தான், ஒரு சொவத்துல உரசல் பாத்தீங்களா? பெருமைக்குச் சொல்லலை. முன்னால ஓட்டுறது என்ன சார், அது கழுதை கூட ஓட்டும். பின்னால ஓட்டுறதுதான் ஓட்டு.

மாமா வீடு தண்ணித்தொட்டிச் சந்து. ரெண்டு முனை உண்டு. கிழக்க பஜாரு, மேக்க கண்மாய்க்கரை. ரெண்டு வழியாவும் சுடுகாட்டுக்குப் போகலாம். கண்மாய்க்கரை பக்கத்து வழி, ஆனா மச்சானுக்கு அப்பாவைப் பஜார் வழியாத்தான் எடுக்கணும். நாலு சனம் பாக்கணும்ல. சரின்னு பஜார் பக்கமிருந்து ரிவர்ஸ்ல போயி, வீட்டு வாசல்ல முதுகைக் கொடுத்து நின்னேன். மாமாவைக் கால் முன்னால வர்ற மாதிரி ஏத்தியாச்சு. கொட்டு அடிக்குறாங்க. மச்சான் கொள்ளிச்சட்டியோட முன்னால நடக்குறாரு. நான் பின்னாலயே ஊர்ந்து வர்றேன். சந்து முனைக்கு வர்றோம்.

காலையில நான் உள்ள போறப்ப ரோடு இருந்துச்சு சார். வெளிய வர்றப்ப ரோடு இல்ல.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பாதாளச் சாக்கடைக்குன்னு ஜேசிபி வந்து சந்து முனையைக் குறுக்கத் தோண்டிப் போட்டிருக்கு. ஆளு இறங்குனா தலை தெரியாது. அந்த ஜேசிபிக்காரன் பன்னை மென்னுக்கிட்டே சொல்றான், "எனக்கென்ன தெரியும்ணே, தோண்டச் சொன்னாங்க, தோண்டுனேன். மூடுறதுக்கு வேற ஆளு வருவாங்க."

"எப்படா வருவாங்க?"

"அது மூடுறவங்களைத்தான் கேக்கணும்."

வண்டிக்குப் பின்னால சந்து, முன்னால குழி. சந்துக்குள்ள வண்டி திரும்பாது. இனி ஒரே வழி ரிவர்ஸ்லயே போயி, வீட்டையும் தாண்டி, கண்மாய்க்கரையில ஏறித் திருப்புறதுதான். நான் கியரைப் போட்டேன். டிங் டிடிங்னு பாட்டு ஆரம்பிச்சதுதான் தாமதம், மச்சான் கொள்ளிச்சட்டியோட ஓடி வந்து பானெட்டுல ஒரு தட்டுத் தட்டுறாரு.

"மாப்ள! என்ன பண்றீங்க? எங்கப்பா பின்னால போகக் கூடாது!"

"பின்ன எப்படி மச்சான்? பறந்தா போக முடியும்?"

"தோள்ல தூக்கிக் குழியைத் தாண்டிருவோம்"னு ஒருத்தர். "பொணத்தோட சேந்து நாலு பேரும் உள்ள விழுவீங்க, இன்னும் ரெண்டு வண்டி சொல்லி வைங்க"ன்னு இன்னொருத்தர். "பலகை போடு"ங்கிறான் ஒருத்தன். பலகை எங்க இருக்குன்னு கேட்டா அதுவும் குழிக்கு அந்தப் பக்கம் இருக்கு. கொட்டுக்காரங்க நிறுத்திட்டு பீடி பத்த வச்சுட்டாங்க.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த யோசனையில ஒரு ஓட்டை சொல்லச் சொல்லுங்க பாப்போம். நான் வண்டியை விட்டு இறங்கிக் கேட்டேன், "பெரியவங்க எல்லாம் இருக்கீங்க, நல்லாச் சொல்லுங்க. பின்னால போகக் கூடாதது யாரு? மாமாவா, வண்டியா?"

"இதென்ன கேள்வி, மாமாதான்."

"அப்ப வண்டி பின்னால போகலாம்ல? மாமாவை இறக்கி, அப்படியே சுத்தித் திருப்பி ஏத்துங்க. கால் கதவுப் பக்கம் வரட்டும். வண்டி பின்னால போகும், மாமா முன்னால போவாரு."

அப்புறம் சாமியாடி ஒருத்தர், ஊருல அவரு சொன்னா மறுபேச்சுக் கெடையாது, மீசையைத் தடவிக்கிட்டு, "சரிதான். வண்டிக்கு ஏது ஆத்மா"ன்னுட்டாரு. மச்சானும் வேற வழியில்லாம, "அப்பா முன்னால போனாச் சரி"ன்னாரு. சந்துக்குள்ள வண்டி திரும்பாதே தவிர மாமா திரும்பிட்டாரு. நல்லவேளை குட்டையான மனுசன்.

ஆக, எல்லாம் சரியாப் போச்சு. மச்சான் இப்ப எங்க நடக்கணும்? மாமாவுக்கு முன்னால. மாமாவுக்கு முன்னாலன்னா வண்டிக்குப் பின்னால. நான் ஓட்டுற பக்கம் பாத்தா அவரு முதுகும் கொள்ளிச்சட்டிப் புகையும் கண்ணாடியில தெரியுது. டிங் டிடிங். கொட்டுச் சத்தம். டிங் டிங். மெல்லமா, நூல் பிடிச்ச மாதிரி வர்றேன்.

இங்கதான் சார் நீங்க கவனமாக் கேக்கணும்.

நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்கல்ல? சைக்கிளோட சீட்டை மட்டும் பிடிச்சு முன்னால தள்ளுங்க. ஹேண்டில்பாரைத் தொடவே வேண்டாம். தானா நேராப் போகும். அதே சீட்டைப் பிடிச்சுப் பின்னால இழுத்துப் பாருங்க. நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள முன்சக்கரம் மடங்கி, ஹேண்டில் உங்க வயித்துல குத்தும். அதே சைக்கிள், அதே ரோடு, அதே ஆளு. ஏன்? ஆட்டைக் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா பின்னாலயே ஒழுங்கா வருது. அதே ஆட்டைப் பின்னால நின்னு தள்ளிப் பாருங்க, அங்கிட்டு ஓடும், இங்கிட்டு ஓடும், தள்ளுறவனையே சுத்தி வரும். சக்கரமும் அப்படித்தான். அதோட அச்சு கொஞ்சம் சாஞ்சு இருக்கும். முன்னால போகையில அச்சு முன்னால போகும், சக்கரம் அதுக்குப் பின்னால ஆடு மாதிரி இழுபட்டு வரும். பின்னால போகையில அதே சக்கரம் முன்னால தள்ளப்பட்டுப் போகுது. லேசா ஒரு பக்கம் சாஞ்சாப் போதும், சாஞ்ச பக்கமே முழுசா ஓடிப்போய் முட்டிக்கிட்டுத்தான் நிக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை சார். காத்துக் கெடக்குற நேரத்துல நானா சைக்கிளைத் தள்ளித் தள்ளிப் பாத்துக் கண்டுபிடிச்சது.

அதனாலதான் முன்னால போறப்ப, கோயில் வந்தா நான் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவேன். நீங்க பாத்திருப்பீங்களே, எல்லா டிரைவரும் பண்றதுதான். சில பேரு ஒத்தைக் கையால கன்னத்துல போட்டுக்குவான். நமக்கு அது பிடிக்காது. சாமிக்கு என்ன அரைக் கும்பிடு? ரெண்டு கையும் எடுத்தாலும் வண்டி பாட்டுக்கு நேராப் போகும். எத்தனை கோயில், எத்தனை வருசம், ஒரு கீறல் இல்ல.

மாமா வீட்டுக்கு முன்னால ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு. சின்னது. பொணம் எடுக்குற வரைக்கும் திரை போட்டிருப்பாங்க. காலையில நான் உள்ள வந்தப்பத் திரைதான். சாமியே திரைக்குள்ள இருக்கையில யாரைக் கும்பிட? ஆனா நாங்க வீட்டை விட்டுக் கிளம்பி சந்து முனைக்குப் போயிட்டோம்ல. பொணம் போயிருச்சுன்னு பூசாரி தண்ணி ஊத்திப் படியைக் கழுவி, திரையை வெலக்கி, சூடம் ஏத்திட்டாரு. அவரு என்னத்தைக் கண்டாரு, மாமா திரும்பி வர்றாருன்னு?

ரிவர்ஸ்ல வர்றேன். பக்கத்துல திரும்புறேன். பிள்ளையார். சூடம். சுடர் நிக்குது.

கை போயிருச்சு சார். நானா எடுக்கலை, அதுவாப் போயிருச்சு. ரெண்டும்.

ஒரு மூச்சு நேரம்தான். ஸ்டியரிங்கு பம்பரமாச் சுத்திருச்சு. நான் பிடிக்கிறதுக்குள்ள வண்டி பின்பக்கம் ஒதுங்கி, மாமா வீட்டு கேட்டுல போய் 'டமால்'னு முட்டி, கேட்டு தொறந்து, வண்டிக் கதவும் தொறந்துருச்சு. மாமா காலு ரெண்டும் வாசலுக்குள்ள.

உள்ள அத்தை. பொம்பளைங்க எல்லாம் வீட்டைக் கழுவி விட்டுட்டு ஈரத் தரையில நிக்குறாங்க. அத்தை கையில வாளி. அத்தை அந்தக் காலையே பாக்குறாங்க. அப்புறம் வாளியைக் கீழ வச்சுட்டுச் சொன்னாங்க பாருங்க,

"கட்டுனதுலேருந்து இன்னைக்குத்தான்டியம்மா இந்த மனுசன் போன சூட்டோட வீடு திரும்பியிருக்காரு."

சார், மொதல்ல யாரு சிரிச்சதுன்னு தெரியாது. சிரிப்புன்னாச் சிரிப்பு, அந்தச் சந்தே சிரிச்சுச்சு. அத்தை பக்கத்துல வந்து மாமா காலைத் தொட்டு, "போயிட்டு... போங்க"ன்னு சொல்லி, விலகிப் போன வேட்டியைச் சரி பண்ணி விட்டாங்க. எங்க பக்கம் பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரமாட்டாங்க பாருங்க. அத்தைக்கு அது ஒரு தடவை கூடுதலாக் கெடைச்ச பார்வை. இன்னைக்கு வரைக்கும் அத்தைக்கு என் மேல ஒரு வருத்தமும் கெடையாது. போன வாரம் கூட முறுக்குச் சுட்டுக் கொடுத்து விட்டாங்க.

மச்சானா? சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அவருதான் வண்டிக்குப் பின்னால நடந்தாரே. வண்டி ஒதுங்குனதும் வாறுகாலுக்குள்ள குதிச்சுட்டாரு. கருப்பாச் சாக்கடைத் தண்ணி. வேட்டியெல்லாம். ஆனா கொள்ளிச்சட்டியை மட்டும் கீழ விடலை சார், அதுக்கு அவரைப் பாராட்டணும். ஆளு உள்ள, சட்டி மேல, புகை வருது. சாவுக்கு வந்திருந்த அவரோட டிரைவிங் ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா நின்னு பாக்குதுங்க. ஒரு பொண்ணு, "மாஸ்டர், கிளட்ச்சு, கிளட்ச்சு"ன்னுச்சு. பதட்டத்துல சொல்லியிருக்கும்.

நான் இறங்கி ஓடுனேன். ஓடிப் போய் மொதல்ல டெயில் லைட்டைப் பாத்தேன். சங்கத்து வண்டி சார், நாளைக்குப் பதில் சொல்லணும்ல? நல்லவேளை கண்ணாடி உடையலை. லேசா ஒரு நசுங்கல். அதைத் தடவிப் பாத்துட்டுத்தான் திரும்புறேன், மச்சானை நாலு பேரு தூக்கி விட்டுட்டாங்க. நல்லாத்தான் நடந்தாரு. சுடுகாடு வரைக்கும் நடந்துதான் வந்தாரு. கொஞ்சம் நொண்டி நொண்டி.

அன்னைக்குப் பேச்சை நிறுத்துனவருதான்.

அப்பா திரும்பி வந்துட்டாருங்கிற சகுனக் கோவம்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவரு வீட்டுல எது நடந்தாலும் நான்தான். மாடு கன்னு போடலைன்னா நான். மோட்டார் காயில் போச்சுன்னா நான். ஸ்கூல்ல ஒருத்தன் எட்டுப் போட மாட்டாம ஒம்போது போட்டாக் கூட நான். சரி, படிச்ச வேலை பாக்குற மனுசன், காரணத்தை எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாருன்னு பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவரு வீட்டுக்குப் போனேன்.

சைக்கிளோடதான் போனேன். வாயால சொன்னா நம்ப மாட்டாருல்ல.

மச்சான் நாற்காலியில காலை நீட்டி உக்காந்திருந்தாரு. காலுக்குக் கீழ ஒரு தலகாணி. நான், "மச்சான், கையை எடுத்ததுல தப்பு இல்ல, ரிவர்ஸ்ல எடுத்ததுதான் விசயம், இந்தா பாருங்க"ன்னு சீட்டைப் பிடிச்சு முன்னால தள்ளிக் காட்டுனேன். நேராப் போச்சு. "பாத்தீங்களா?"ன்னேன். அவரு தலகாணியைச் சரி பண்ணுறாரு. "இப்பப் பாருங்க"ன்னு பின்னால இழுத்தேன். சைக்கிளு மடங்கி, எங்க மச்சான் பொண்டாட்டி காயப் போட்டிருந்த வடகத்து மேல விழுந்துருச்சு. நல்லா விழுந்துச்சு சார், நான் சொன்ன மாதிரியே விழுந்துச்சு. "இதான் மச்சான், இதேதான் அன்னைக்கும்!"னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். அவங்க வடகத்தைப் பொறுக்குறாங்க. மச்சான் எந்திரிச்சு, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு.

அப்புறம் ஒரு தடவை ஸ்கூலுக்கே போனேன். கிளாஸ் நடக்குது. பிள்ளைங்களாவது கத்துக்கிடட்டும்னு, "உங்க மாஸ்டரு முன்னால போறதை மட்டும்தான் சொல்லித் தர்றாரு, பின்னால போறதுல இன்னின்ன இருக்கு"ன்னு போர்டுல படம் போட்டு விளக்குனேன். மச்சான் டஸ்டரை எடுத்து அழிச்சுட்டாரு.

எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கேன் பாருங்க. ஆடு, சைக்கிளு, அச்சு, எல்லாம். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சார் சொல்ல முடியும்?

என்ன, காலா? எந்தக் காலு? மச்சான் காலா? நீங்களும் சந்தானம் மாதிரியே கேக்குறீங்களே. அவளும் அன்னைக்கு ராத்திரி, "எங்கண்ணன் காலைப் பாத்தீங்களா?"ன்னா. பாத்தேனே, ரெண்டும் இருந்துச்சேன்னேன். அதுக்கு ரெண்டு நாளு எனக்குச் சோறு போடலை.

இருங்க, இருங்க. போன். அவதான்.

ஹலோ... சொல்லு சந்தானம். வாங்கிட்டாரா?... தட்டு எங்க இருக்கு?... நாற்காலி மேலயா? அவரு தொடலையா?... ம்... ம்... என்ன சொல்றாரு? "அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை"ங்கிறாரா? ஏய், எத்தனை வார்த்தை பேசியிருக்கேன்! வடகத்தோட விழுந்து விளக்கியிருக்கேன்... சரி... சரி, சைக்கிளைப் பத்திப் பேசலை. ஆட்டைப் பத்தியும் பேசலை... மங்கையும் வந்திருக்காளா? அழுறாளா? ஏன்... என்ன, யாருகிட்டக் கொடுக்குற? ஏய் சந்தானம், கொடுக்காதே, நான் என்னத்த...

மச்சான்.

...

மச்சான், நான்தான். சீனிச்சாமி.

...

சார், பேச மாட்டேங்கிறாரு. மூச்சுச் சத்தம் மட்டும் வருது. என்ன பேசுறது? சக்கரத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. வேற எனக்கு என்ன தெரியும்...

மச்சான்... காலு எப்படி இருக்கு?

...

ம்... ம்... அப்படியா?... கணுக்காலா, முட்டியா?... அய்யய்யோ... எக்ஸ்ரேல தெரியலையா?... ம்... வைத்தியர்கிட்டக் கட்டுப் போட்டீங்களா? ம்... மழை வந்தாக் குத்துதா?... கிளட்ச்சு மிதிக்க முடியலையா? அட, அப்புறம் எப்படி மச்சான் கிளாஸ் எடுக்குறீங்க?... இடது பக்கம் உக்காந்து பிரேக்கை மட்டுமா... ம்... ராத்திரி தூக்கம்?... ம்... ஆமா மச்சான்... ஆமா... அன்னைக்கா? இல்ல மச்சான், அன்னைக்கு நான் லைட்டை... ம். ஆமா. பாக்கலை. ஆமா மச்சான்... வேப்பெண்ணெய்யை விட நல்லெண்ணெய் கேக்கும்ல?... ம்... சொல்லுங்க, சொல்லுங்க, வண்டி சும்மாத்தான் நிக்குது... ம்...

...

சரி மச்சான். சரி. பாத்து நடங்க. அவகிட்டக் கொடுங்க... என்ன சந்தானம்?... உள்ளயா? சாமி படத்துக்கிட்டயா? அவரே எடுத்து வச்சாரா?... மாலைக்கு என்ன பூவுன்னு கேக்குறாரா? அது அவரு இஷ்டம்ல, தாய்மாமன்ல... நீ ஏன்டி அழுகுற... சரி, வையி. ஆளு காத்திருக்காங்க.

தட்டை உள்ள எடுத்து வச்சுட்டாராம் சார். ரோசாப்பூ மாலையா, சம்பங்கியான்னு மங்கைகிட்டக் கேக்குறாராம்.

நான் என்ன பேசுனேன்? ஒண்ணுமே பேசலையே. நீங்கதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்ல, காலைப் பத்தி அவருதான் பேசுனாரு. பேச ஒண்ணுமில்லாம சும்மாக் கேட்டு வச்சேன். என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நான் சைக்கிளோட போய்ச் சொன்னது, போர்டுல படம் போட்டுக் காட்டுனது, எதுவும் வீண் போகலை. ஒரு விசயம் மண்டையில ஏறக் கொஞ்சம் நாளாகும். இப்பத்தான் மனுசனுக்குப் புரிஞ்சிருக்கு.

சரி, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க சார். ஓசூர்ப் பொண்ணு வந்துரும் போல. இந்தப் பூவைக் கூட்டிர்றேன்.